ரோட்டுக்கு அந்தப் பக்கம்

பிரசவ அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகப்போன தையல்காரியை, தலைமை நர்ஸ் கையை நீட்டி மறித்தாள். "லிஸ்ட்ல உங்க பேரு இருக்கு. உள்ள வலியில இருக்கற பொண்ணு பேருதான் இல்ல. அவ வீடு மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கமாமே?"

தையல்காரிக்கு அது தெரிந்த விஷயம்தான். பிரசவத்துக்குத் துணையாக இருக்க ஆறு வாரம் பயிற்சி கொடுத்து, கழுத்தில் அட்டை மாட்டி அனுப்பிய ஆஸ்பத்திரிக்காரர்கள், இப்போதைக்கு ரோட்டுக்கு இந்தப் பக்கத்துத் தெருக்களுக்கு மட்டும்தான் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். டூலா என்ற பேர் தெருவில் யார் வாயிலும் நுழையாமல், 'கூட நிக்கிற அக்கா' என்றே அவளுக்கு நிலைத்துவிட்டது. அந்தப் பெண் போன மாதம்தான் வீடு மாறினாள். நாற்பது அடி ரோடு, தாண்டினால் தேசமா மாறிவிடப் போகிறது, எவன் வந்து பார்க்கப் போகிறான் என்று இவள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாள். முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அனுமதி கிடைத்திருக்கும்.

"மொதப் பிரசவத்துல பத்து மணி நேரம் தனியாக் கெடந்தவ சிஸ்டர். ஒருத்தரும் ஒரு வார்த்த பேசலயாம். நா கூட இருப்பேன்னு சொன்னதாலதான் இன்னிக்கு ஆஸ்பத்திரிக்கே வந்தா."

"புரியுதும்மா. நாளைக்கு மேலருந்து கேட்டா யாரு பதில் சொல்றது?" கதவு சாத்திக்கொண்டது.

தண்ணீர் லாரி ஓட்டும் அந்தப் பெண்ணின் புருஷன் ஓடி வந்தான். "அக்கா, நீங்க ஏன் வெளிய நிக்கிறீங்க?"

"உங்க வீடு எல்லைக்கு வெளிய இருக்காம். தெரிஞ்சும் நாந்தான் சொல்லாம விட்டுட்டேன்."

அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

உள்ளே அந்தப் பெண் அலறினாள். "அக்கா! அக்கா எங்க?"

"கத்தாத! ஒழுங்கா மூச்சு விடு!" என்று நர்ஸ் அதட்டினாள்.

அதட்டினால் மூச்சு வருமா?  தையல்காரி கதவிடுக்கில் வாயை வைத்தாள்.

"இங்கதாண்டி இருக்கேன், எங்கயும் போகல. பல்லக் கடிக்காத. தோளத் தளத்து. ஊதுற மாதிரி மெதுவா விடு... இன்னும்... இன்னும் கொஞ்சம்..."

நடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கூச்சம் பிடுங்கித் தின்றது, ஆனாலும் நிறுத்தவில்லை. திடீரென்று உள்ளே சத்தம் அடங்கியது. அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கதவு ஒரு சாண் திறந்தது. நர்ஸ் அவள் முகத்தைப் பார்க்காமல், காலாலேயே ஒரு ஸ்டூலை இழுத்துக் கதவு மூடாதபடி முட்டுக் கொடுத்தாள்.

"உள்ள வரக் கூடாது. அங்கருந்தே பேசுங்க."

தையல்காரி வாசற்படியிலேயே மண்டிபோட்டாள். அங்கிருந்து பார்த்தால் பச்சைத் திரைக்குக் கீழே அந்தப் பெண்ணின் ஒரு பாதம் மட்டும் தெரிந்தது. விரல்கள் ஐந்தும் உள்ளே மடங்கி, வெளுத்துக் கிடந்தன.

"அக்கா?"

"இருக்கேன்டி. விடு, மெதுவா விடு."

கட்டை விரல் முதலில் தளர்ந்தது. பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. சுண்டுவிரல் விரிவதற்குள் அடுத்த வலி வந்து, பாதம் முழுக்க மறுபடி விறைத்தது.