ஒரு நாள் முந்திய அலாரம்

பல் செட்டு செய்யும் அம்மையாரின் வீட்டுச் சுவரில் இருந்த அலாரம், திருடன் வருவதற்குச் சரியாக ஒரு நாள் முன்னதாக ஒலித்து வந்தது. இருபத்திரண்டு ஆண்டுகளாக இவ்வுண்மையை எவரும் அறிந்திலர். அலாரம் அலறும், காவலர் விரைந்து வருவர், வீட்டில் ஈ காக்கை இராது, தெருவே கைகொட்டிச் சிரிக்கும். அதனை ஆசையாய் வாங்கி மாட்டிய கணவர், பேருந்து நடத்துநர், 'பொய்மணி' என்னும் பட்டப்பெயருக்கு உரியவரானார். வெட்கம் தாளாமல் அவர் ஒவ்வொரு முறையும் அலாரத்தை ஒரு வாரம் அணைத்துவைப்பார். மறுநாள் திருடன் வந்து, அமைதியாகத் தன் வேலையை முடித்துச் செல்வான். குக்கர் போயிற்று, மிதிவண்டி போயிற்று, ஒருமுறை குளியலறைக் கதவே போயிற்று.

ஆகையால் இவ்வாண்டு ஒரு புதன்கிழமை காலையில், முகம் கண்டு ஆளை அறிவதும், கைபேசிக்குச் செய்தி அனுப்புவதும், வாய்விட்டுப் பேசுவதுமாகிய ஸ்மார்ட் அலாரத்தைப் பொருத்த மெக்கானிக் வரவழைக்கப்பட்டார். அவசரத்திற்குக் காரணம் இருந்தது. முதியோர் இல்லத்தார் நாற்பத்திரண்டு பேருக்கான பல் செட்டுகள் மேசைமேல் சிரித்தவாறு அணிவகுத்திருந்தன. வெள்ளிக்கிழமை அவற்றை ஒப்படைக்க வேண்டும். அவை களவுபோனால், நாற்பத்திரண்டு வாய்களும் மேலும் இரண்டு மாதம் எதையும் மெல்ல இயலாது.

மெக்கானிக் கம்பிகளை வெட்டிப் பழைய பெட்டியைக் கழற்றினார். மூடியின் உட்புறம் பென்சிலால் எழுதிய தேதிகள் இருந்தன.

"என்னண்ணே இது, உள்ள முழுக்கத் தேதியா இருக்கு?"

"அது கத்தி என் மானம் போன நாளெல்லாம் தம்பி."

அம்மையார் எட்டிப் பார்த்தார். "மார்ச் பதினாலா? குக்கர் போனது பதினஞ்சாச்சே! சைக்கிளும் மறுநாள்தான் போச்சு. ஏங்க, இது பொய் சொல்லலீங்க, முன்கூட்டியே சொல்லியிருக்கு. நீங்கதான் அது வாயை அடைச்சிருக்கீங்க!"

"நீதானேடி அணைச்சுத் தொலைங்கன்னு கத்தின?"

"நான் ஆயிரம் கத்துவேன். என் பேச்சை என்னைக்குக் கேட்டீங்க, இதை மட்டும் கேட்க?"

அவ்வேளையில், கம்பியறுந்த அப்பெட்டி மெக்கானிக்கின் கையிலிருந்தபடியே அலறியது. அவர் அதைப் பக்குவமாக மேசைமேல் வைத்துவிட்டு, புதியதை விரைந்து பொருத்தினார்.

வியாழக்கிழமை பற்கள் யாவும் எதிர்வீட்டுப் பீரோவில் இருந்தன. நடத்துநர் விடுப்பு எடுத்திருந்தார். பகல் பதினொரு மணிக்குப் பின்சுவர் ஏறிக் குதித்தவனைப் புதிய அலாரம், "வணக்கம், தாங்கள் யாரெனத் தெரியவில்லை" என்று வரவேற்று, அவன் படத்தைத் தெரு முழுவதற்கும் அனுப்பியது. தெரு திரண்டது. இருபத்திரண்டு ஆண்டுகளாக வந்துகொண்டிருந்தவன் தானேதான் என்று அவனே ஒப்புக்கொண்டான். வயதாகிவிட்டது. வாயில் ஒரு பல்லும் இல்லை.

"பெருசா எதுவும் வேணாம்மா. ஒரே ஒரு செட்டு போதும்" என்றான், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு.

"அடுத்தவன் செருப்பே காலுக்குச் சேராது, பல்லு சேருமாய்யா? வந்து உட்காரு. வாயைத் திற."

வெள்ளிக்கிழமை நாற்பத்திரண்டு பேரும் முறுக்கு மென்றனர். நாற்பத்து மூன்றாவது செட்டு மாத இறுதியில் தயாராயிற்று. இப்போது புதிய அலாரம் அந்த முன்னாள் திருடர் முகத்தை வாடிக்கையாளர் பட்டியலில் வைத்திருப்பதால் வாளாவிருக்கிறது. பழையதோ, ஓர் ஆணியில் கம்பியின்றித் தொங்கியவாறே, அவர் பல்லைச் சரிபார்க்க வருவதற்கு முந்தைய நாள் தவறாமல் அலறுகிறது. அதைக் கேட்டதும் நடத்துநர் வாசலுக்கு வந்து, "நாளைக்கு ஆள் வர்றாரு" என்று தெருவுக்கு அறிவிக்கிறார். எவரும் சிரிப்பதில்லை, அம்மையார் பல் செட்டை ராவும் அரத்தை எடுத்துத் துடைத்துவைக்கிறார்.