நிழல் கேட்டவர்கள்

கிழக்கே எரிமலையின் தோளில் வெளிச்சம் விழும் முன்பே பெர்னாபே கரும்பின் அடியில் குனிந்துவிட்டான். தோகை எரிய முந்தின நாள் தீ வைத்த வயல். தரை இன்னும் கணகணவென்று இருந்தது. கத்தியை வீச வீசக் கரி எழும்பி மூக்கிலும் பல்லிலும் அப்பியது. இடக்கையால் கரும்பை அணைத்து, அடியோடு வெட்டி, கொண்டையைக் கழித்து, எறிந்துவிட்டு மறுபடி குனிய வேண்டும். எடைக்குத்தான் கூலி. நிமிர்ந்து நின்றால் கூலியும் நின்றது.

வெயில் ஏறியதும் கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்தது. கரும்புக்குள் ஒதுங்கி வாந்தி எடுத்தான். காலால் மண்ணைத் தள்ளி மூடினான்.

அது என்னவென்று அவனுக்குத் தெரியும். அவன் அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது. நிகராகுவாவின் அந்தக் கரும்புச் சீமையில் சிறுநீரகம் கெட்டு இளவயதில் செத்தவன் இல்லாத வீடு குறைவு. ஆனாலும் யாரும் நோயின் பேரைச் சொல்வதில்லை. உடம்பு சரியில்லை என்பார்கள். பிறகு சவப்பெட்டிக்குப் பலகை தேடுவார்கள். நோய் தெரிந்தால் சர்க்கரை ஆலை வேலை தராது. பருவத் தொடக்கத்தில் ஆலைக்காரர்கள் ரத்தம் எடுத்தபோது பெர்னாபேயின் பேரைச் சொல்லி ரத்தம் கொடுத்தவன் அவன் மச்சினன். அதன்பின் பெர்னாபே அந்த நினைப்பையே கிட்ட விடவில்லை.

"என்ன பங்காளி, கரும்புக்குள்ள போய் பிள்ள பெத்துட்டு வர்றியா?" என்றான் பக்கத்து வரிசை ஃபெர்மின்.

"ஆமா. உன் ஜாடையா இருந்துச்சு. பயந்து போட்டுட்டு வந்துட்டேன்."

ஃபெர்மின் சிரித்தான். அடுத்த வெட்டுக்குக் கையை ஓங்கியவன், ஓங்கியபடியே முகம் குப்புற விழுந்தான்.

வயலோரம் தூக்கிப் போனார்கள். அங்கே ஒரு மரம்கூட இல்லை. பெர்னாபே தன் நிழல் ஃபெர்மினின் முகத்தில் விழும்படி நகர்ந்து நின்றான். "ஒருத்தன் போதும்டா, மத்தவன்லாம் வேலையப் பாரு" என்று மேஸ்திரி விரட்டினான். வண்டி வருவதற்குள் ஃபெர்மினின் உயிர் போய்விட்டது.

பிறகு ஜீப்பில் ஆலை நிர்வாகி ஓல்மெதோ வந்தார். "ராத்திரி நல்லா ரம் ஏத்தியிருக்கான். வெயில் தூக்கி அடிச்சிருச்சு. யார் கேட்டாலும் இதத்தான் சொல்லணும். என்ன பெர்னாபே, நீதான பக்கத்துல நின்ன?"

ஃபெர்மின் ஜெபக்கூடத்து ஆள். குடியை வாயில் வைத்ததில்லை. பெர்னாபே தன் பூட்ஸைப் பார்த்தான்.

"ம்" என்றான்.

ஃபெர்மினைப் புதைத்த அன்று மாலை பெர்னாபேயின் மனைவி தொமாசா சோறும் சிவப்பு அவரையும் தட்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஃபெர்மின் குடிச்சிருந்தானா?"

"அப்படித்தான் பேசிக்கிறாங்க."

"நான் உன்னக் கேக்குறேன்."

அவன் சோற்றை அளைந்தான்.

"நாளைக்கு நீ விழுந்தா நீயும் குடிகாரனா? அதுக்கும் எவனாவது ம் கொட்டுவான், இல்ல?"

"எனக்கு ஒண்ணுமில்ல."

"யோவ், உன் சட்டையத் தொவைக்கிறவ நான். வாந்தி வாடை எனக்குத் தெரியாதா? நீ சொல்லலேன்னு நானும் கேக்கல. ரெண்டு பேரும் கண்ணப் பொத்திக்கிட்டா அது நம்மளத் தாண்டிப் போயிருமா?" அவள் தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். "என்னன்னு பாத்துருவோம். எதுவா இருந்தாலும் தெரிஞ்சுக்கிட்டு அழுவோம்."

அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்த நர்ஸ் சுற்றி வளைக்கவில்லை. "கிட்னி பாதிக்கு மேல போயிருச்சு. போனது திரும்பாது. இனிமே வெயில்ல வெட்டக் கூடாது."

"வெட்டலேன்னா சாப்பாடு?"

அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். பெர்னாபே வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். தொமாசா அவனைத் தேற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளும் அழுதாள்.

மறுநாள் விடியலில் லாரி வந்து நின்றது. ஏறப் போனவர்களிடம் பெர்னாபே சொன்னான்: "எனக்கு வந்திருச்சு. கிட்னி. ஃபெர்மினுக்கும் அதுதான். அவன் குடிச்சான்னு நான் ம் கொட்டினது பொய்."

ஒருவன் தொற்றுநோய்க்காரனிடமிருந்து விலகுவதுபோல் நகர்ந்தான். கூட்டத்தில் பெரிய உடம்புக்காரனான அனஸ்தாசியோ தொப்பியைக் கழற்றினான்.

"எனக்கும் இருக்கு. பொண்டாட்டிக்கே தெரியாது."

"நான் பாக்கவே இல்ல" என்றான் இன்னொருவன். "பயமா இருக்கு."

பாதிப்பேர் தலையைக் குனிந்துகொண்டு லாரியில் ஏறிப் போனார்கள். மீதிப்பேர் ஆலை வாசலுக்கு நடந்தார்கள். ஃபெர்மினின் மனைவி ஹசிந்தாவும் வழியில் சேர்ந்துகொண்டாள்.

ஓல்மெதோ கம்பிக் கதவுக்குள் நின்றே பேசினார். "என்னப்பா வேணும்?"

"நிழல் வேணும்யா" என்றான் பெர்னாபே. "வயலுக்கு வயல் கொட்டகை. நல்ல தண்ணி. உச்சி வெயில்ல ஓய்வு. ஃபெர்மின் வேலைலதான் செத்தான்னு ஆலை ஒத்துக்கணும்."

"நோயாளிக்கு இங்க வேலை கிடையாது. தெரியுமில்ல?"

"தெரியும். எனக்கு நோய்தான்."

"அப்போ ஆலைல ரத்தம் குடுத்தது யாரு? ஏமாத்துனதுக்கு உள்ள தள்ளட்டுமா?"

"தள்ளுங்க. எந்த வேலைல வந்த நோயின்னு அங்கயும் கேப்பாங்கள்ல?"

ஓல்மெதோ சிரித்தார். "வாயத் தொறந்து நீங்களே ஒத்துக்கிட்டீங்க. எனக்கு வேலை மிச்சம். ஒருத்தனுக்கும் இனி இங்க கத்தி கிடையாது. உங்க இடத்துக்கு ஆள் வந்துக்கிட்டே இருக்கான்."

உண்மைதான். வெயில் சுடத் தொடங்குகையில் வடக்கு மலைப்பக்கத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்தது. பெர்னாபேயின் கூட்டம் வாசலோரம் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பை நாலு கம்புகளில் கட்டி, அதன் கீழே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. தன் சிறுநீரகம் எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று பெர்னாபேக்குத் தெரியாது. ஆலை இறங்கி வரும் என்ற நம்பிக்கையும் அவனுக்கு இல்லை. எழுந்து லாரியின் பக்கவாட்டில் ஓடினான்.

"அங்க எங்க ஆள் ஒருத்தன் செத்துட்டான்! தண்ணி கேளுங்க! நிழல் கேளுங்க! கேக்காம கத்தியத் தொடாதீங்க!"

லாரி நிற்காமல் உள்ளே போனது. கதவு மூடியது. பெர்னாபே விரிப்பின் கீழ் திரும்பி வந்து உட்கார்ந்தான்.

புழுதி அடங்கியபோது, கதவுக்கு வெளியே ஒருவன் கைமுட்டியில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தபடி நின்றான். ஓடுகிற லாரியிலிருந்து குதித்திருந்தான். யாரென்று யாருக்கும் தெரியவில்லை. விரிப்பின் கீழே குனிந்து பார்த்தான்.

"இங்க இடம் இருக்கா?"

இடம் இல்லை. ஹசிந்தா முழங்காலை மடக்கிக்கொண்டு நகர்ந்தாள். அவளுக்காக அனஸ்தாசியோ நகர்ந்தான். அவனுக்காகப் பெர்னாபே பாதி உடம்பை வெயிலுக்கு விட்டு நகர்ந்தான்.

"வா" என்றான். "உக்காரு."