கையால் எழுதிய சாட்சியம்

வீட்டில் அவளுக்குப் பூனை என்று பெயர். நடந்தால் சத்தம் கேட்காது. அந்தக் கால்தான் அவளை வம்பில் மாட்டிவிட்டது. கீழ்வீட்டுக்காரர் தன் மனைவியைப் படிக்கட்டிலிருந்து தள்ளியபோது, பின்னால் ஒருத்தி வந்து நிற்பது அவருக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

விசாரணைக்கு முந்தின ராத்திரி, பக்கத்தில் படுத்திருந்த சித்தியின் முழங்கையைச் சுரண்டினாள் அந்தப் பதினைந்து வயதுப் பூனை.

"சித்தி, தூங்கிட்டியா?"

"தூங்கிட்டேன். சொல்லு."

"அவரு என்னைப் பாத்தாரு சித்தி. பாத்துட்டு, உதட்டுல விரல் வச்சாரு. போலீஸ்கிட்டகூட இதை நான் சொல்லல. ஜாமீன்ல வந்ததுலேருந்து படியில எதிர்ல வந்தா, அதே மாதிரி விரல் வச்சுட்டுச் சிரிக்கிறாரு."

சித்தி எழுந்து உட்கார்ந்தாள். "அடிப்பாவி! இதை வயித்துல வச்சுக்கிட்டா இத்தனை நாளா ஒழுங்கா சாப்பிடாம இருந்தே? நாளைக்குக் கோர்ட்டுல சொல்லிடு."

"அந்த அக்கா பக்கத்துல இருந்தா சொல்றேன்."

அந்த அக்கா, நீதிமன்றத்துக்கு வரும் சிறுவயதுச் சாட்சிகளுக்குத் துணையாக இருப்பவள். பின்வாசல் வழியாகக் கூட்டிப்போவாள், யார் எங்கே உட்காருவார்கள் என்று முன்கூட்டியே காட்டுவாள், சொல்லி முடியும்வரை பக்கத்திலேயே இருப்பாள். அவளுடைய சம்பளம் ஒரு மானியத்திலிருந்து வந்தது. அது நாளையோடு முடிகிறது. நீட்டிக்கச் சொல்லிக் கேட்ட மனு மேலே ஏதோ ஒரு மேசையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் அக்கா வந்திருந்தாள். வராமல் போனது டைப்பிஸ்ட். மூன்று அறைகளுக்கு ஒரே ஒருவர். அவரைப் பக்கத்து அறையில் ஒரு கொலை வழக்குக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வாயெல்லாம் பல். "டைப்பிஸ்ட் இல்லாம எப்படிங்க ஐயா? மூணு மாசம் தள்ளி ஒரு தேதி போட்டுடலாமே."

மூன்று மாதம் என்றால் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். பூனை அக்காவைப் பார்த்தாள். அக்கா எதுவும் பேசக் கூடாது என்பது விதி. உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதான். அவளும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்கே சொல்றேன் ஐயா." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது.

நீதிபதி கண்ணாடியைத் துடைத்தார். "டைப் அடிக்க ஆள் இல்லம்மா. நானேதான் எழுதணும். என் கையெழுத்து எனக்கே புரியாது. அதனால மெதுவா, ஒவ்வொரு வரியா சொல்லணும். சரியா?"

அவள் ஒரு வரி சொன்னாள். பேனா கீறியது. அது நிற்கும்வரை அறையே வாய்மூடிக் காத்திருந்தது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. எச்சில் விழுங்க நேரம் இருந்தது. அடுத்த வரி. சாட்சியை மறைக்கக் கட்டியிருந்த திரைக்கு அந்தப் பக்கம் ஓர் இருமல். யார் இருமல் என்று அவளுக்குத் தெரியும். தள்ளியது வரைக்கும் சொன்னாள், விழுந்தவள் அலறியதையும் சொன்னாள். "அவ்வளவுதான் ஐயா" என்று முடித்துவிட்டாள். விரல் வைத்த கதையை மட்டும் விட்டுவிட்டாள்.

எழுதியதைச் சாட்சிக்குப் படித்துக்காட்ட வேண்டும். நீதிபதி தன் கிறுக்கலோடு மல்லுக்கட்டி, தடுக்கித் தடுக்கிப் படித்தார். "நான் மாடிப்படியில் நின்றேன். அவர் தள்ளியதை நான் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது."

தலை நரைத்த மனிதர் ஒருவர், இத்தனை பேர் முன்னால், எனக்குப் பயமாக இருந்தது என்கிறார். ஒருவரும் சிரிக்கவில்லை. பூனைக்கு அது வேறு யாரோ ஒரு பெண்ணின் கதை போலவும், அந்தப் பெண் பாவம், பாதியில் நிறுத்திவிட்டாள் என்றும் தோன்றியது.

"வேற ஏதாவது சேக்கணுமாம்மா?"

"ஆமா ஐயா. அவரு என்னைப் பாத்து உதட்டுல விரல் வச்சாரு. இன்னமும் படியில பாத்தா வைக்கிறாரு."

வக்கீல் துள்ளி எழுந்தார். "இது புதுசு ஐயா! போலீஸ்ல இதைச் சொல்லவே இல்ல!"

"ஏம்மா அப்போ சொல்லல?"

"சொல்லாதேன்னுதானே ஐயா விரல் வச்சாரு."

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதையும் எழுதினார். வக்கீல் மேற்கொண்டு குடைந்து குடைந்து கேட்டதற்கும் அவள் ஒவ்வொரு வரியாகவே பதில் சொன்னாள். அரசு வக்கீல் கேட்டுக்கொண்டதன் பேரில், வழக்கு முடியும்வரை கீழ்வீட்டுக்காரர் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவானது.

பின்வாசலில் சித்தி காத்திருந்தாள். பூனை நகரவில்லை.

"நாளைக்கு என்ன பண்ணுவீங்கக்கா?"

"நல்லா தூங்குவேன்." அக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "அடுத்த வாரம் ஒரு பொண்ணு வரா. உன்னைவிடச் சின்னவ. அதான் யோசனையா இருக்கு."

"டைப்பிஸ்ட் வரலன்னா பயப்படாதேன்னு சொல்லுங்கக்கா. மெதுவா போறதும் நல்லதுதான்னு சொல்லுங்க."

"அதைச் சொல்றதுக்குத்தாண்டி அப்போ இங்க ஆள் இல்ல" என்றாள் அக்கா.