ஸ்னாப்ஷாட்டில் அகப்படாத அகராதி

2023ஆம் ஆண்டு மார்ச் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை முற்பகல், எங்கள் பதிப்பகக் கணினியில் மருத்துவ அகராதியின் பக்கங்கள் இருந்த கோப்புறை காலியாகக் கிடந்தது. வியாழனன்று அச்சகத்துக்குப் போக வேண்டிய நூல். வேறெங்கும் பிரதி இல்லை. பக்கங்களை வடிவமைத்த பெண் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள்.

கணினிக்குப் பொறுப்பு என் தம்பி மகன். நாற்பது வயதாகிறது, தலைக்கனம் அவனுக்கு முன்பே பிறந்துவிட்டது. முந்தைய நாள் ஏதோ அப்டேட் சொதப்பியதால், கணினியை ஞாயிற்றுக்கிழமை எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது அன்றிருந்த நிலையின் பதிவுக்கு, திருப்பியிருந்தான்.

"பதறாதீங்க அத்தை. ஸ்னாப்ஷாட்ல அன்னைக்கு இருந்தது அத்தனையும் இருக்கும்."

"அத்தனையும்னா அகராதி எங்கேடா?"

"அது உள்ளுக்குள்ள தனி சப்வால்யூம், வட்டுல தனியாப் பிரிச்சு வெச்ச பகுதி. ஸ்னாப்ஷாட் அதுக்குள்ள போகாதாம்... இப்பதான் படிச்சேன்."

"கோப்புறைன்னுதானே சொன்னே?"

"பாக்க அப்படித்தான் இருக்கும். ஆனா இல்ல."

"அப்போ ஸ்னாப்ஷாட்?"

"அதுவும் ஒரு சப்வால்யூம்தான்."

கோப்புறையாகத் தோன்றுவது கோப்புறை அன்று. படமென்று பெயர் பெற்றது படம் அன்று. இப்படிப் பெயரிட்டவர்கள் தம் பிள்ளைகளை என்ன சொல்லி அழைக்கிறார்களோ! அவர்களையாவது மன்னிக்கலாம். பொருள் தெரியாமல் அச்சொற்களை வாயில் போட்டு மென்றுகொண்டு திரிபவனை மன்னிப்பதற்கில்லை.

மென்றது போதாதென்று, அழிக்கவும் துணிந்தான்.

"பழைய சப்வால்யூம் ஒண்ணு இடத்தை அடைச்சுக்கிட்டு கிடக்கு. அதைத் தூக்கிட்டு மறுபடி பாக்கறேன்." கட்டளையைத் தட்டினான். கணினி மறுத்தது. "சனியன், காலியா இல்லையாம். உள்ள இருக்கிறதை முதல்ல அழிக்கணும்."

"கையை எடுடா! காலியா இல்லேன்னா உள்ளே என்னடா இருக்கு?"

உள்ளிருப்பவற்றின் பட்டியலைத் திறந்தவன் ஒரு வரியில் விரலை வைத்தான்.

"அத்தை... அகராதி."

அவன் ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பியபோது, அதுவரை இருந்த சப்வால்யூம் அழியாமல் பெயர் மாறி ஓரமாக ஒதுங்கியிருக்கிறது. அகராதியும் அதனுள்ளேயே தங்கிவிட்டது.

"நல்லவேளை சார், அந்தக் கம்ப்யூட்டருக்காவது புத்தி இருக்கு," என்றாள் வடிவமைத்தவள். "இல்லேன்னா என் ரெண்டு வருஷத்தை ஒரே தட்டுல முடிச்சிருப்பீங்க."

அகராதி வியாழனன்று அச்சுக்குப் போயிற்று. நூல்கள் இருக்கும் சப்வால்யூமுக்குத் தனியே ஸ்னாப்ஷாட் எடுப்பது, நாள்தோறும் வேறொரு வட்டில் முழுப் பிரதி வைப்பது, வடிவமைப்பாளர் நேரில் பார்த்து ஒப்பாமல் எதையும் அழிக்கக் கூடாது என்பது ஆகியவை அவ்வாரமே முடிவு செய்யப்பட்டன.