பூட்டிய கதவுக்குப் பாடியவன்

பதினேழு நிமிடப் பாட்டில் பாடகனுக்கு மூன்று நிமிட வேலை என்றால் யாருக்குத்தான் எரியாது? தொடக்கத்தில் நாலு வரி, கடைசியில் நாலு வரி. நடுவில் ஆர்கனும் கிடாரும் டிரம்ஸும் தாளத்தைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருக்கும். லயனல் பெக் மட்டும் கையில் டாம்பரின் என்ற சலங்கை வளையத்தோடு, கல்யாண வீட்டில் யாரும் கவனிக்காத ஒன்றுவிட்ட சித்தப்பா மாதிரி நிற்க வேண்டும்.

நிற்கப் பிடிக்காமல் அவன் ஒரு வழக்கம் பண்ணிக்கொண்டிருந்தான். மேடையின் பின்கதவு சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். அதன் இடுக்கில் டாம்பரினைச் சொருகிவிட்டுப் பக்கத்துப் பப்பில் ஒரு பியர் குடித்து வருவான். கடைசிப் பகுதி வந்ததும் ஆர்கன்காரன் ஹாவர்ட் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பான். லயனல் மைக் முன்னால் வந்து நிற்கும்வரை எல்லோரும் அதிலேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

அன்று இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரி ஊரில் கச்சேரி. ரெக்கார்டு கம்பெனி ஆள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

"கடைசி நாலு வரில ரெண்ட எடுத்துடலாம்டா," என்றான் ஹாவர்ட், தன் வெள்ளி அங்கியை மாட்டிக்கொண்டே. "அந்த எடத்துல ஆர்கன் கொஞ்சம் மூச்சு விடட்டும்."

"அப்போ நான் மூச்சு விட வேணாமா?"

"கோவிச்சுக்காதடா. நீ நல்லாத்தான் பாடற. ஆனா ஜனங்க அதுக்கா வர்றாங்க?"

டிரம்ஸ்காரன் ராட்னி களுக்கென்று சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் லயனலுக்குத் தாங்கவில்லை. இன்றைக்குப் போனால் திரும்பி வருவதில்லை, நான் இல்லாமல் இவர்கள் நாறட்டும் என்று கருவிக்கொண்டான். முதல் நாலு வரியைப் பாடி முடித்து விறுவிறுவென்று வெளியேறினான்.

"என்ன கண்ணு, உங்காளுங்க அங்க செவுத்தயே இடிக்கறாங்க, நீ இங்க நிக்கற?" என்றாள் பப்பில் பியர் ஊற்றிய மேவிஸ்.

"நான் இல்லாம என்ன கிழிக்கறாங்கன்னு பாப்போம்."

சுவருக்கு அப்பால் கடைசிப் பகுதி வந்தது. ஹாவர்ட் சுற்ற ஆரம்பித்தான். ஒரு சுற்று, இரண்டு சுற்று. "சுத்துங்கடா, நல்லா சுத்துங்க!" லயனலுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. இன்னும் சுற்றினார்கள். ராட்னி பக்கவாட்டில் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான், பாவம். ஹாவர்டுக்கு வியர்த்து ஊற்றும். சீ, போதும், தேடுகிறார்களே! பியரை அப்படியே வைத்துவிட்டு ஓடினான்.

கதவு பூட்டியிருந்தது. டாம்பரின் அவன் கையிலேயே இருந்தது. கோபத்தில் அதைச் சொருக மறந்து, கையோடு கொண்டுபோயிருக்கிறான் மடையன்.

"டேய் ராட்னி! தெறங்கடா!" உதைத்தான், குத்தினான். அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? முன்வாசலுக்குத் தெருவையே சுற்றி ஓட வேண்டும்.

அதற்குள் சுற்றுவது நின்றது. லயனல் பாட வேண்டிய நாலு வரி மெட்டை ஆர்கன் எடுத்துக்கொண்டது. இரண்டு வரியைக் குறைக்கச் சொன்ன ஹாவர்ட், ஒன்றையும் விடாமல் வாசிக்கத் தொடங்கினான். லயனல் பாடியதைவிட அது அழகாக இருந்தது. வயிறு எரிந்தாலும் அதை அவனால் மறுக்க முடியவில்லை.

குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே, கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு லயனல் கூடவே பாடினான். டாம்பரினைத் தொடையில் தட்டினான். ஓரிடத்திலும் தாளம் தப்பவில்லை. உள்ளே கூட்டம் எழுந்து நின்று கத்தியபோது, அவன் இன்னும் கடைசி வார்த்தையை இழுத்துக்கொண்டிருந்தான்.