தம்பிக்கு மட்டும் கூடுதல் சூடு

1

இந்தக் கதை என்னுடையதில்லை, கண்ணுகளா. என் மடியில் இருக்கும் போன்கூட என்னுடையதில்லை. பக்கத்து நாற்காலிக்காரன், சுவருக்கு பெயின்ட் அடிப்பவன், ஸ்கேன் அறைக்குள் போகும்போது "கொஞ்சம் வெச்சிருங்கம்மா" என்று கொடுத்துவிட்டுப் போனான். அவன் கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அவன் வரும்வரை கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, என் நோட்டில் எழுதுகிறேன்.

2

அன்று மழை கொட்டிக்கொண்டிரு

(வேண்டாம். அவன் அக்கா வேலை செய்யும் லேபுக்கு ஜன்னலே கிடையாதாம்.)

சிறுவயதிலிருந்தே அவளுக்குத் தம்பி என்றால்

(இதுவும் வேண்டாம். அவன் வந்துவிடுவான்.)

அவன் சொன்னதையே வைக்கிறேன். ஏணியிலிருந்து விழுந்து கணுக்கால் எலும்பு முறிந்தது, உள்ளே திருகாணி வைத்து இணைத்தார்கள்.

"இரும்புன்னா மறுபடி காலைக் கிழிச்சு எடுக்கணும். எங்க அக்கா லேபுல பண்ற திருகாணி பிளாஸ்டிக் மாதிரி இருக்கும், ஆனா உடம்புக்குள்ளயே கரைஞ்சிடும்."

"கரைஞ்சுதா?"

"கரைஞ்சா நான் ஏம்மா உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன்?" சிரித்தான். "அதே பொருளை அக்கா மெஷின்ல போட்டுப் பாக்குறா. இன்னிக்கு சொல்றேன்னிருக்கா. கரையும்னா பல்லைக் கடிச்சுக்கலாம். கரையாதுன்னா திரும்பக் கத்தி. அப்புறம் ஏணியை மறந்துடுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"மெஷின் என்னப்பா பண்ணும்?"

"ரெண்டு தகட்டுக்கு நடுவுல வெச்சு, கரண்டை இப்படியும் அப்படியும் மாத்தி மாத்திக் காட்டுவாங்களாம். உள்ள சங்கிலி சங்கிலியா இருக்குமாம். பாட்டு போட்ட மாதிரின்னு வெச்சுக்குங்க. தனியா நிக்கிறவன் ஆடுவான். தோளோட தோள் ஒட்டி வரிசை கட்டினவன் எப்படி ஆடுவான்? ஆட்டம் குறைஞ்சா வரிசை கூடிடுச்சுன்னு அர்த்தம். வரிசை கட்டினது கெட்டி. லேசுல கரையாது."

ஸ்கேனுக்குக் கூப்பிட்டார்கள். எழுந்து நொண்டிக்கொண்டே போனவன் திரும்பினான். "எனக்குப் பண்ணதை மட்டும் கூடுதல் நேரம் சூட்டுல வெச்சாளாம். தம்பி ஏணி ஏறுறவன், கெட்டியா இருக்கட்டும்னு. பாசக்காரி!"

சொன்னவனுக்குத் தான் என்ன சொன்னோம் என்று தெரியவில்லை.

3

இனி வருவது நானாகக் கட்டுவது.

உருக்கிச் சட்டென்று குளிரவைத்த துண்டு, இன்னும் வரிசை கட்டாதது, தகடுகளுக்கு நடுவில் இருக்கிறது. திரையில் கோடு மேடாக எழும்பி நிற்கிறது. உள்ளே நன்றாக ஆடுகிறது. அக்கா அதைத் திருகாணிக்குக் கொடுத்த அதே சூட்டுக்கு ஏற்றி, அங்கேயே நிறுத்துகிறாள். அளக்க அளக்க மேடு தாழ்கிறது, வரிசை கூடுகிறது. மற்றவர்களின் திருகாணியை வெளியே எடுத்த நேரம் வருகிறது. மேட்டில் பாதி மிச்சம் இருக்கிறது. அவள் எடுக்கவில்லை. தம்பிக்கென்று கொடுத்த அந்தக் கூடுதல் நேரத்துக்குள் மேடு தரையோடு படுத்துவிடுகிறது.

"ஒயர் கழண்டிருக்கும், பாரு," என்றான் கூட வேலை செய்பவன்.

"கழட்டி மாட்டியும் பாத்துட்டேன்."

"அப்ப ஜோரா செஞ்சிருக்கே! நம்ம லேபுலயே இதுதான் கெட்டி."

"ஆமா," என்றாள்.

(இந்த இடத்தில் அவளை அழவைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை, அடித்துவிட்டேன். அழுகிறவளுக்கு இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது.)

4

முடிவுக்கு வருவோம்.

துண்டு மாறிவிட்டது, தம்பியுடையது வேறு என்று எழுதலாம். நீங்கள் நிம்மதியாகத் தூங்குவீர்கள். அந்தக் கால் தூங்காது.

அக்காவை உண்மையைச் சொல்லவைக்கலாம். "அப்ப நீ பாசத்துல..." என்று அவன் ஆரம்பிக்கிறான். அந்த வாக்கியத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை.

"இன்னும் கொஞ்ச நாள்டா" என்று சொல்லவைக்கலாம். அவன் நம்புவான். அவன் கேட்கும்போதெல்லாம் அவள் அதையே சொல்ல வேண்டும், ஒருநாள் அவன் கேட்பதை நிறுத்தும்வரை.

எந்த முடிவிலும் அந்தத் திருகாணி கரையவில்லை, கண்ணுகளா. மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தாயிற்று.

5

போன் அதிர்கிறது. திரையில் 'அக்கா'.

ஸ்கேன் அறைக் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு இன்னும் எரிகிறது. எடுத்தால், நான் கற்பனையில் கட்டிய அக்கா போய் நிஜமானவள் பேசுவாள். எடுக்காவிட்டால், அவன் நொண்டிக்கொண்டே வந்து, அதே சிரிப்போடு, "அக்கா கூப்பிட்டாளா?" என்று கேட்பான்.

நின்றுவிட்டது.

மறுபடி அடிக்கிறது. என்னால் ஆகாது. இந்தாருங்கள், நீங்கள் எடுங்கள்.