எலிகளுக்குப் பிரஷர் குறைந்த கதை

நாளிதழின் ஆரோக்கியப் பக்கத்தைத் தயாரிப்பவனுக்கு அலுவலகத்தில் ‘டாக்டர்’ என்று பெயர். ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிற டாக்டர். எங்கிருந்தோ வரும் ஆய்வுச் செய்தியில் உப்பு காரம் சேர்த்து இறக்கிவைப்பதுதான் இவன் பார்க்கும் வைத்தியம். போன வாரம் கிரீன் டீ. ‘ரத்த அழுத்தத்தை ஓட ஓட விரட்டும் பச்சை அமுதம்!’ அந்த ஆய்வில் டீ குடித்தவை எலிகள். இவன் எலிகளைக் கடைசி வரியில் வைத்திருந்தான். இடம் போதாமல் அந்த வரியை வெட்டிவிட்டார்கள். எலி போனதில் யாருக்கும் வருத்தமில்லை.

வருத்தம் வீட்டில் காத்திருந்தது. அப்பா பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு, மூன்று வேளையும் கிரீன் டீயாக ஊற்றிக்கொண்டிருந்தார். மாடிப்படியில் பாதி ஏறியதும் தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தான்.

“அப்பா, அது எலிக்குப் பண்ண ஆராய்ச்சிப்பா. மாத்திரையைப் போடுங்க.”

“எலின்னு எங்க போட்டிருக்கு?”

“நான்தாம்பா எழுதினேன்!”

“நீ எழுதினா அவங்க எப்படிப் போடுவாங்க? ‘நமது நிருபர்’னு இருக்கு பாரு.”

மறுநாள் ஆசிரியரிடம் போய், திருத்தம் போடச் சொல்லிக் கெஞ்சினான்.

“டீ குடிச்சாலும் மாத்திரை போடணும்னா, அதுல என்னய்யா செய்தி இருக்கு? எவன் படிப்பான்?”

டாக்டர் தன் நாற்காலியில் வந்து விழுந்தான். அந்தப் பக்கத்துக்கு வந்த நாளிலிருந்து முதல் முறையாக உண்மையை மட்டும் எழுதுவது என்று முடிவெடுத்தான். மசாலாவை மட்டும் குறைக்கவில்லை. ‘உள்ளங்கைக்குள் ஓர் அற்புதம்! ரத்த அழுத்தத்தை அடக்கும் குட்டி வில்லை! மனிதர்களிடமே சோதித்து உறுதி!’ அது பழைய பிரஷர் மாத்திரைதான் என்பதைக் கடைசிப் பத்தியில் அவிழ்த்தான். இந்த முறை கடைசி வரி அச்சாகும்வரை இடத்தைவிட்டு நகரவில்லை. “இதுதான்யா செய்தி!” என்று ஆசிரியர் அதை முதல் பக்கத்துக்கே தூக்கிவிட்டார்.

காலையில் பேப்பரும் கையுமாக அப்பா வந்து எழுப்பினார்.

“நீயும்தான் பேப்பர் ஆபீஸ்ல குப்பை கொட்றே. நம்ம வீட்டுல இருக்கிற பொருளோட மகிமை உனக்குத் தெரிஞ்சுதா?”

மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். இவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அப்பா மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒண்ணுக்கே இவ்வளவுன்னா, மூணு வேளையும் போட்டா?”

அட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒன்றை மட்டும் பிய்த்துக் கொடுத்து, அப்பா விழுங்கும்வரை எதிரிலேயே நிற்கிறான். அதற்குப் பிறகுதான் பேப்பர் அவர் கைக்குப் போகும்.